ஆம்னி வேனுக்கு வீட்டிலேயே ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி – எழுதியவர்: கல்லிடைவாசி

அனைவருக்கும் வணக்கம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டில் 2011இல் பதிவான வெள்ளை நிற மாருதி ஆம்னி வேன் இருக்கிறது. இன்ஜினில் குறையில்லை, குடும்பத்தோடு பாபநாசம் போய் வருவதற்கும், அறுவடை நாட்களில் வயலுக்குச் சாப்பாடு கொண்டு போவதற்கும் இன்றுவரை அதுதான் துணை. நிழலில்லாத இடத்தில் நின்று நின்று கூரையின் பெயிண்ட் முற்றிலும் வெளிறிவிட்டது. விரலால் தடவினால் வெள்ளை மாவு ஒட்டுகிறது. கூரையின் இரு ஓரங்களிலும் மழைநீர் வடியும் காடியில் துரு பிடித்திருக்கிறது. முன்கதவு இரண்டின் அடிவிளிம்பிலும் கொப்புளங்கள் எழும்பியுள்ளன. பக்கத் தகடுகளில் துரு இல்லை, மினுமினுப்பு மட்டும் போய்விட்டது. வருகிற பங்குனியில் பதினைந்து ஆண்டு முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருப்பதால், வண்டியைப் பார்வைக்குக் கொண்டு போவதற்கு முன் பெயிண்ட் வேலையை முடித்துவிட நினைக்கிறேன்.

முழு வண்டிக்கும் பெயிண்ட் அடிக்கப் பட்டறையில் கேட்ட தொகை, வண்டியை இன்று விற்றால் கிடைக்கும் விலையில் பாதியை நெருங்குகிறது. வீட்டுக் கதவு ஜன்னல்களுக்கு எனாமல் அடிப்பதற்காக முன்பு வாங்கிய, கையில் பிடித்து இயக்கும் மின்சார ஸ்ப்ரே கருவி ஒன்று சும்மா கிடக்கிறது. அதைக் கொண்டு நானே அடித்துவிடலாமா என்பதுதான் என் முதல் கேள்வி. அடிக்கலாம் என்றால் எந்த வகைப் பெயிண்ட் வாங்க வேண்டும், பழைய பெயிண்டை முழுவதும் சுரண்ட வேண்டுமா, எந்த மாதத்தில் அடிப்பது நல்லது என்பவற்றையும் சொல்லுங்கள். வீட்டின் பின்புறம் ஓட்டுச் சாய்ப்பு ஒன்று உள்ளது. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு. பின்வீட்டு மாடியில் அப்பளம் காயவைப்பார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புகை போல் பறக்கும் பெயிண்ட் அங்கே போய்ப் படியுமோ என்று என் மனைவி கேட்கிறார். போகிற போக்கில் நிறத்தையும் மாற்றிவிடலாம், ராணுவ வண்டிப் பச்சை அடிக்கலாம் என்பது என் மகனின் ஆசை.

பதில் – எழுதியவர்: பாளை பட்டறைக்காரர்

அண்ணாச்சி, வணக்கம். பாளையங்கோட்டையில் பெயிண்ட் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்காரன் என்பதால் வேலையை என் பக்கம் இழுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால் வண்டி முழுவதற்கும் பெயிண்டே தேவைப்படாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். வண்டியைக் கழுவி உலர்த்திய பிறகு, கறுப்புப் பனியன் துணியில் சிறிது ரப்பிங் காம்பவுண்ட் (தேய்த்து மெருகேற்றும் பசை) எடுத்துப் பக்கத் தகட்டில் ஓரிடத்தில் தேயுங்கள். துணியில் வெள்ளை ஏறினால், உங்கள் வண்டியில் இருப்பது மேலே கிளியர் கோட் எனும் நிறமற்ற பூச்சு இல்லாத ஒற்றைப் பூச்சு. அந்த வகைப் பூச்சில் மேலே மாவாகிப் போன படலத்தை எடுத்துவிட்டால் அடியில் நல்ல பெயிண்ட் மிச்சமிருக்கும். பக்கத் தகடுகளைக் காம்பவுண்டும் பாலிஷும் போட்டே திரும்பக் கொண்டு வந்துவிடலாம். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள். அங்கே பூச்சு மெலிதாக இருக்கும், நொடியில் ப்ரைமர் தெரிந்துவிடும். ஆக உங்களுக்கு உண்மையான பெயிண்ட் வேலை என்பது கூரையும், நீர்க்காடியும், இரண்டு கதவுகளின் அடிப்பகுதியும் மட்டுமே. ஆனால் பாலிஷ் போடுவதைக் கடைசிக்குத் தள்ளி வையுங்கள். பாலிஷில் இருக்கும் சிலிக்கான் தகட்டில் ஒட்டிக்கொண்டால், அதன் மேல் அடிக்கும் புதுப் பெயிண்ட் விலகிச் சிறு சிறு பள்ளங்களாக நிற்கும்; நாங்கள் மீன்கண் என்போம். அது வந்துவிட்டால் சுரண்டி எடுத்துத் திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை.

இனித் துரு. கதவின் அடியில் கொப்புளம் என்றால் துரு உள்ளிருந்து வெளியே வந்திருக்கிறது என்று பொருள். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வெளியேறச் சிறு துளைகள் இருக்கும். மண்ணும் இலைச்சருகும் அடைத்து உள்ளே நீர் தேங்கித்தான் தகடு அரிக்கிறது. ஸ்க்ரூடிரைவர் முனையால் கொப்புளத்தை அழுத்திப் பாருங்கள். முனை உள்ளே போய்விட்டால் அது டிங்கர் வேலை. அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். அந்த ஓட்டையின் மேல் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) அப்பி மறைப்பவர்கள் உண்டு, அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் பட்டி கட்டியாகக் கழன்று விழும். முனை உள்ளே போகாவிட்டால் 80ஆம் எண் உப்புத்தாளால் வெள்ளித் தகடு தெரியும் வரை தேயுங்கள். குழிகளுக்குள் கருப்பாக ஒட்டியிருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றி தடவி, குறித்த நேரம் விட்டு, நன்றாகக் கழுவித் துடைத்து உலர்த்துங்கள். அமிலம் மிச்சமிருந்தால் அதன் மேல் வரும் எபாக்சி ப்ரைமர் சரியாகப் பிடிக்காது. வெள்ளித் தகடு தெரிந்த அன்றே ப்ரைமர் ஏற வேண்டும். மறுநாளைக்கு என்று வைத்தால் நம் கண்ணுக்குத் தெரியாமலே துரு திரும்பத் தொடங்கிவிடும்.

நீர்க்காடியில் இரண்டு தகடுகள் சேரும் இடத்தை மூடிய சீலன்ட் காய்ந்து வெடித்திருக்கும். அதை முழுவதும் கீறி எடுத்து, துருவை நீக்கி, எபாக்சி ப்ரைமர் அடித்து, அதன் மேல் பாலியூரிதேன் சீலன்ட் புதிதாக இழுக்க வேண்டும். குளியலறைக்கு வாங்கிய சிலிக்கான் குழாய் மிச்சமிருக்கிறதே என்று அதை எடுத்துப் பூசிவிடாதீர்கள், அதன் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது.

பழைய பெயிண்டை முழுவதும் சுரண்ட வேண்டியதில்லை. உறுதியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பெயிண்டைப் போன்ற நல்ல அடித்தளம் வேறில்லை. மாவும் பொருக்கும் போகும் வரை 320ஆம் எண் உப்புத்தாளில் தேய்த்து, துரு எடுத்த இடத்தின் ஓரத்தைப் படிப்படியாகச் சரித்துக் கொண்டு வாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவினால் எங்கே தகடு முடிந்து எங்கே பெயிண்ட் தொடங்குகிறது என்று தெரியக் கூடாது. கூரையில் முன்பு யாராவது ஒட்டுப்போட்டது போல் பெயிண்ட் அடித்திருந்தால், தின்னர் நனைத்த துணியை அந்த இடத்தில் சிறிது நேரம் வைத்துப் பாருங்கள். பெயிண்ட் இளகித் துணியோடு வந்தால் அது என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட். அதன் மேல் ஹார்டனர் (பூச்சை இறுக வைக்கும் கலவை) கலந்த பெயிண்டை அடித்தால் அடிப்பூச்சு சுருங்கி எழும்பும். அந்த இடத்தை மட்டும் கட்டாயம் சுரண்டி எடுங்கள்.

பள்ளம் இருந்தால் பட்டி. நூறு பங்கு பட்டிக்கு இரண்டு பங்கு ஹார்டனர் போதும். நம் ஊர் வெயிலில் அதைவிடக் கூட்டினால் பலகையிலேயே இறுகிவிடும். பட்டியை உலர்ந்த நிலையிலேயே தேய்க்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பல பட்டறைகளில் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறார்கள், வேலை சுலபம், தூசியும் இல்லை. ஆனால் பட்டி தண்ணீரைக் குடிக்கும், குடித்த தண்ணீர் பிறகு கொப்புளமாகத்தான் வெளியே வரும். தண்ணீர்த் தேய்ப்பு என்பது ப்ரைமர் சர்ஃபேசர் (மேற்பூச்சுக்கு அடியில் பரப்பைச் சமப்படுத்தும் பூச்சு) இரண்டு பூச்சு அடித்துக் காய்ந்த பிறகு, 600ஆம் எண் வாட்டர் பேப்பரில் தொடங்க வேண்டியது. அதற்குக் கிணற்று நீரோ போர் நீரோ வேண்டாம். உப்புத் தங்கினால் மேற்பூச்சுக்கு அடியில் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். உங்கள் ஊரில் ஆற்றுத் தண்ணீருக்கா பஞ்சம்?

மின்சாரக் கருவியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது எனாமலையும் எமல்ஷனையும் சுவரிலும் கதவிலும் அடிப்பதற்காகச் செய்தது. அதன் முனைத் துளை பெரிது, துளி பருமனாக விழும். வாகனத்தில் அடித்தால் ஆரஞ்சுத் தோல் போல் மேடுபள்ளமாக நிற்கும். மேற்பூச்சுக்கு 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் முனையுள்ள ஸ்ப்ரே கன் வேண்டும், அதற்குக் காற்றுத் தர இரண்டு குதிரைத்திறன் கம்பிரசராவது வேண்டும். வாடகைக்குக் கிடைக்கும். ப்ரைமர் சர்ஃபேசரை மட்டும் வேண்டுமானால் உங்கள் கருவியால் அடித்துக்கொள்ளலாம். எப்படியும் தேய்க்கத்தானே போகிறோம்.

பதில் – எழுதியவர்: பொருநை வேதியியல்

மேலே அண்ணாச்சி எழுதியிருப்பதில் அனைத்தையும் ஒப்புக்கொள்கிறேன், கடைசி வரியைத் தவிர. நான் கல்லூரியில் வேதியியல் கற்பிப்பவள். பெயிண்ட் அடிக்கத் தெரியாது, ஆனால் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியும்.

கல்லிடைவாசி ஐயா, உங்கள் கருவியோடு வந்த கையேட்டை எடுத்துப் பாருங்கள். எந்தத் தீப்பற்று வெப்பநிலைக்குக் கீழுள்ள திரவங்களை அதில் ஊற்றக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும்; இத்தகைய கருவிகள் பலவற்றில் அந்த எல்லை 21 டிகிரி செல்சியஸ். வாகனப் பெயிண்டுக்கும் ப்ரைமருக்கும் கலக்கும் தின்னரில் சாதாரணமாக இருக்கும் டொலுயினின் தீப்பற்று வெப்பநிலை 4 டிகிரி. அதாவது நம் ஊரின் எந்தப் பருவத்திலும், எந்த நேரத்திலும், அதன் ஆவி ஒரு பொறிக்காகக் காத்திருக்கிறது. அந்தக் கருவியின் மோட்டாரோ சுற்றியுள்ள காற்றை உறிஞ்சித்தான் பெயிண்டைத் தள்ளுகிறது. மோட்டாருக்குள் கரித்துண்டு உரசும் இடத்தில் பொறி இயல்பாகவே உண்டாகும். மூன்று பக்கம் சுவர் உள்ள சாய்ப்புக்குள் தின்னர் ஆவி நிறைந்திருக்கும்போது அதை இயக்குவது எவ்வளவு பெரிய அபாயம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆகவே ப்ரைமருக்கும் அந்தக் கருவி வேண்டாம். வாடகைக் கம்பிரசர் எடுத்தாலும் அதைச் சாய்ப்புக்கு வெளியே, தள்ளி வைத்து, நீண்ட குழாயால்தான் காற்றைக் கொண்டு வர வேண்டும். தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். சாய்ப்பை ஒட்டிச் சமையலறை வாசல் இருந்தால் அன்று அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. பூசையறை விளக்குக்கும் அதே விதிதான்.

அடுத்தது இதைவிடப் பெரிது. பாலியூரிதேன் பெயிண்ட், சர்ஃபேசர் ஆகியவற்றோடு வரும் ஹார்டனரில் ஐசோசயனேட் வகைச் சேர்மங்கள் உள்ளன. இது 1984இல் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் வாயு இல்லை. ஆவியாகும் தன்மை மிகக் குறைந்த வேறு சேர்மம். தூரிகையால் பூசும்போது மூச்சில் போகும் அளவு சிறிதே. ஆனால் ஸ்ப்ரே கன் அதை நுண்துளியாக்கிக் காற்றில் மிதக்க விட்டுவிடுகிறது, அப்போதுதான் அது நுரையீரலுக்குள் போகிறது. சிலருக்கு உடல் இதற்கு ஒவ்வாமை கொண்டுவிடும். அதன் பிறகு மிகச் சிறிய அளவு பட்டாலே ஆஸ்துமா போல மூச்சிரைப்பு வரும், பல நேரங்களில் அது வாழ்நாள் முழுவதும் தொடரும். தீங்கு செய்யும் அளவை எட்டிய பிறகும் வாசனை தெரியாது என்பதுதான் இதில் மிக மோசமான அம்சம். மூக்கில் கட்டும் கைக்குட்டையும், மருந்துக்கடை முகக்கவசமும் இதற்கு எந்த வகையிலும் உதவா. கரி வடிகட்டி பொருத்திய முகமூடி தின்னர் ஆவியைத் தடுக்கும், பெயிண்ட் துளியையும் ஓரளவு தடுக்கும். ஆனால் வடிகட்டி தீர்ந்துவிட்டது என்பதை மூக்கு உணர்த்தாது என்பதால், ஐசோசயனேட் அடிப்பவர்களுக்கு வெளியிலிருந்து குழாய் வழியாகத் தூய காற்று வரும் முகமூடியையே பரிந்துரைக்கிறார்கள். வீட்டில் அடிப்பவர் யாரும் அதை வாங்கப் போவதில்லை.

உங்கள் மனைவியின் கேள்விதான் இந்த இழையின் சரியான கேள்வி. கன்னிலிருந்து கிளம்பும் பெயிண்டில் கணிசமான பங்கு தகட்டில் ஒட்டாமல் பறந்து போகிறது. துளி போகும் வழியிலேயே காய்ந்து தூசியாகிவிட்டால் பின்வீட்டுப் பாயில் கிடக்கும் அப்பளத்தின் மேல் தாராளமாகப் படியும். வெள்ளை அப்பளத்தின் மேல் விழுந்த வெள்ளைப் பெயிண்ட் யார் கண்ணுக்கும் தெரியாது.

பதில் – எழுதியவர்: பாளை பட்டறைக்காரர்

டீச்சர் சொல்வது சரி. பட்டறையில் மின்சாரக் கருவியை நாங்கள் தொடுவதில்லை, அதனால் அதன் மோட்டாரைப் பற்றி நான் யோசிக்கவில்லை. சர்ஃபேசர் பற்றிய அந்த வரியைத் தள்ளிவிடுங்கள்.

ஹார்டனர் வேண்டாம் என்றால் என்.சி. பெயிண்ட் இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். அதில் ஐசோசயனேட் இல்லை என்பது உண்மை, வேகமாகக் காய்வதால் தூசியும் குறைவாக ஒட்டும். ஆனால் மெல்லிய பூச்சுகள் பலவற்றை ஒன்றன் மேல் ஒன்றாக அடிக்க வேண்டும். மினுமினுப்பு தானாக வராது, காம்பவுண்ட் போட்டுத் தேய்த்துத்தான் கொண்டு வர வேண்டும். கூரையோ நாள் முழுவதும் வெயில் குடிக்கிற இடம், விரைவிலேயே மறுபடியும் மாவாகிவிடும். பெட்ரோல் சிந்தினாலும் கரையும். மழை ஈரம் உள்ள நாளில் அடித்தால் பூச்சே வெண்மூட்டமாகப் போய்விடும். சைக்கிளுக்கும் கேட்டுக்கும் என்.சி. போதும், வேன் கூரைக்கு நான் சொல்ல மாட்டேன்.

பதில் – எழுதியவர்: சாரல்காற்று

தென்காசியிலிருந்து எழுதுகிறேன். எந்த மாதம் என்ற கேள்வியை யாரும் தொடவில்லை என்பதால் அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். எங்கள் ஊரிலும் உங்கள் ஊரிலும் நாட்காட்டியைப் பார்த்துத்தான் பெயிண்ட் டப்பாவைத் திறக்க வேண்டும்.

ஆனி, ஆடி, ஆவணியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று எதையும் நிற்க விடாது. எங்கள் பக்கம் சாரல், உங்கள் பக்கம் புழுதி. ஐப்பசியும் கார்த்திகையும் மழை. மார்கழியில் மழை ஓய்ந்தாலும் பனி இருக்கும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் காலை வெயில் ஏறும் வரை இருக்கும். சித்திரை வெயிலில் தகடு கை வைக்க முடியாமல் சுடும், துளி தகட்டை அடையும் முன்பே காய்ந்து சொரசொரப்பாக விழும். அப்போது மெதுவாக ஆவியாகும் தின்னர் வேண்டும். பங்குனி நல்ல மாதம் என்று தோன்றும், ஆனால் உங்கள் ஊரில் பிசான நெல் அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கினால் தெரு முழுவதும் பதரும் தூசியுமாகப் பறக்கும். வேப்ப மரத்தடியில் வண்டியை நிறுத்தினால் பூவும் சேர்ந்து கொட்டும்.

எஞ்சுவது தை பிற்பாதியும் மாசி முற்பாதியும். அந்த நாட்களில் காலை ஒன்பதரை மணிக்கு மேல் தொடங்கி நண்பகலுக்குள் கடைசிப் பூச்சை முடித்துவிட வேண்டும், ஏனென்றால் மாலைப் பனி இறங்குவதற்குள் பூச்சின் மேல்தோல் இறுகியிருந்தால்தான் மினுமினுப்பு நிற்கும். விளக்கு வெளிச்சத்தில் இரவில் அடிக்கும் யோசனை யாருக்காவது இருந்தால், வயல்வெளிப் பூச்சிகள் அத்தனையும் வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பதில் – எழுதியவர்: ஆர்சி புத்தகம்

நிறத்தைப் பற்றி. ராணுவப் பச்சை முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121ஆம் விதி, பாதுகாப்புத் துறை வாகனங்களைத் தவிர வேறு எந்த வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது. தம்பியிடம் விதி எண்ணோடு சொல்லிவிடுங்கள், கேட்டுக்கொள்வார். வேறு நிறம் என்றால், பதிவுச் சான்றில் வண்டியின் நிறம் எழுதப்பட்டிருப்பதால், முன்கூட்டியே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்து, மாற்றத்தைச் சான்றில் பதிய வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பதிவு புதுப்பிக்கும் நேரத்தில் அந்த வேலையையும் இழுத்துப்போட்டுக்கொள்வது வீண் அலைச்சல். அதே வெள்ளையை அடித்தால் யாரிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

புதுப்பிக்கப் படிவம் 25. காலாவதி நாளுக்கு அறுபது நாட்களுக்குள் இருக்கும்போதுதான் விண்ணப்பிக்க முடியும் என்பதால், தென்காசிக்காரர் சொன்ன தை மாசிக் கணக்கு உங்களுக்குப் பொருந்தி வருகிறது. ஒன்று மட்டும் கவனம்: தகட்டில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணின் மேல் பட்டியோ கெட்டியான பெயிண்டோ ஏறக் கூடாது. ஆய்வாளர் அந்த எண்ணைத் தாளில் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக் கேட்டால், எழுத்து தெளிவாக விழ வேண்டும்.

பதில் – எழுதியவர்: கல்லிடைவாசி

அனைவருக்கும் நன்றி. கறுப்புத் துணிச் சோதனையைச் செய்து பார்த்தேன். வெள்ளை நன்றாகவே ஏறியது, தேய்த்த இடத்தில் முகம் தெரியும் அளவுக்கு மினுக்கம் வந்திருக்கிறது. இடது கதவில் ஸ்க்ரூடிரைவர் முனை உள்ளே போய்விட்டது, வலது கதவு தாங்குகிறது. நிறம் வெள்ளையேதான், மகனிடம் 121ஆம் விதியைக் காட்டினேன், இப்போது அவன் மற்ற விதிகளையும் படிக்கத் தொடங்கிவிட்டான்.

ஹார்டனர் பற்றி வேதியியல் அம்மா எழுதியதைப் படித்த பிறகு வீட்டில் அடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். ஆனால் ஒரு யோசனை. துரு எடுப்பது, தேய்ப்பது, ஓரம் சரிப்பது, காடியைச் சுத்தம் செய்வது ஆகிய வேலைகளை நானும் மகனும் வீட்டில் செய்துவிட்டு, கன் பிடிக்கும் வேலைக்கு மட்டும் வண்டியைப் பட்டறைக்குக் கொண்டு வந்தால் யாராவது ஏற்றுக்கொள்வார்களா? கூலியில் அது உண்மையாகவே குறையுமா?

பதில் – எழுதியவர்: பாளை பட்டறைக்காரர்

குறையும் அண்ணாச்சி. கூரை வேலையில் கன் பிடிக்கும் நேரம் ஒரு காலைப்பொழுதுதான். மற்றதெல்லாம் தேய்க்கிற ஆளின் கூலி. ஆனால் நிறையப் பட்டறைகள் ஏற்றுக்கொள்ளத் தயங்கும், அதில் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அடியில் நீங்கள் எதைப் பூசினீர்கள் என்று தெரியாமல் மேலே அடித்து, பிறகு அது எழும்பினால், பழி கன் பிடித்தவன் மேல்தான் விழும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே பட்டறையில் பேசி, எந்தக் கட்டம் வரை நீங்கள், எந்தக் கட்டத்திலிருந்து அவர்கள் என்று தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் கொண்டு வருவதாக இருந்தால் நான் கேட்பது இவ்வளவுதான். இடது கதவை முதலில் டிங்கரிடம் காட்டித் தகடு வைத்துவிடுங்கள். துரு நீக்கிய இடங்களில் எபாக்சி ப்ரைமரைத் தூரிகையால் நீங்களே பூசிவிடலாம். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், திறந்த வெளியில் செய்யுங்கள். டப்பாவைத் தூக்கி எறியாமல் வண்டியிலேயே போட்டுக் கொண்டு வாருங்கள், எதன் மேல் அடிக்கிறேன் என்று எனக்குத் தெரிய வேண்டும். பழைய பெயிண்டில் ஈயம் இருக்குமோ என்ற சந்தேகத்துக்கு இடம் தராமல், தேய்க்கும்போது இருவரும் தூசி வடிகட்டும் முகமூடி அணியுங்கள். அந்தத் தூசிக்கு அது போதும். பட்டி வேண்டிய பள்ளங்களைப் பென்சிலால் வட்டமிட்டு விட்டுவிடுங்கள், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கைக் கழற்ற முடியாவிட்டால், அதன் உதட்டைத் தூக்கி உள்ளே ஒரு மெல்லிய கயிறு செருகிக்கொண்டு வாருங்கள். பீடிங்கின் ஓரத்தில் டேப் ஒட்டி அடித்த பெயிண்ட்தான் முதலில் உரியும். டேப்போடு செய்தித்தாள் ஒட்டி மறைக்கும் வேலை வேண்டாம், தின்னர் ஊறி மறுபக்கம் வந்துவிடும்; பழுப்புத் தாள் என்னிடம் இருக்கிறது.

நிறத்துக்கு வெள்ளை என்று மட்டும் சொல்லிக் கடையில் வாங்கிவிடாதீர்கள். வெள்ளையில் நீலம் கலந்தது, மஞ்சள் கலந்தது எனப் பல உண்டு, கூரையும் பக்கமும் வெயிலில் வேறு வேறாகத் தெரியும். நிறுவனத்தின் நிறக் குறியீட்டை வண்டியில் உள்ள தகட்டில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். வெயிலில் வெளுத்த வண்டிக்குக் குறியீட்டு நிறமும் சற்று மாறித் தெரியக்கூடும் என்பதால், பக்கத் தகட்டில் காம்பவுண்ட் போட்ட அந்தச் சோதனை இடத்தை அப்படியே விட்டு வையுங்கள். அதோடு ஒப்பிட்டுத்தான் கலக்க வேண்டும். கூரைக்கும் கதவு அடிகளுக்கும் சேர்த்து ஹார்டனர், தின்னர் கலந்த பிறகு ஒன்றரை லிட்டர் அளவுக்கு வரும்படி வாங்கினால் போதும்.

பெயிண்ட் ஏறிய வண்டியை மறுநாள் ஓட்டிக் கொண்டு போகலாம், ஆனால் ஒரு மாதத்துக்குக் கூரையின் மேல் பாலிஷோ மெழுகோ போடாதீர்கள். உள்ளே இருக்கும் தின்னர் முழுவதும் வெளியேற வேண்டும். பக்கத் தகடுகளுக்கு அடுத்த வாரமே தொடங்கிவிடலாம். கதவின் அடித் துளைகளை ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்து, உள்பக்கம் மெழுகுக் கரைசலோ கெட்டியான எண்ணெயோ விட்டுவிடுங்கள். அதைப் பெயிண்ட் அடித்த பிறகுதான் செய்ய வேண்டும், முன்னால் செய்தால் எண்ணெய் கசிந்து வந்து ப்ரைமரையே கெடுக்கும். தைப்பூசம் முடிந்து ஒரு நாள் வண்டியைக் கொண்டு வாருங்கள், கூரையைத் தடவிப் பார்த்துவிட்டுத் தொகை சொல்கிறேன்.